பின் சீற்றுக்காரி

என் அக்கா காரின் முன் சீற்றில் இருக்கமாட்டாள். அத்தான் இறந்ததிலிருந்து அப்படித்தான். நான் சிட்னியிலிருந்து மெல்பேர்ணுக்குப் போகும்போதெல்லாம் அவளுடைய காரை நான்தான் ஓட்டுவேன். அவள் வீட்டுக் கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, மறுபடியும் இழுத்துப் பார்த்து, ஆறுதலாக நடந்து வந்து பின் கதவைத் திறந்து ஏறிக்கொள்வாள். முன் சீற்றில் அவளுடைய கைப்பை மட்டும் ஏறும். நான் என்ன ராக்ஸி ஓட்டுகிறவளா என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். "இதிலை எனக்கு வசதி" என்பாள். செவிடன் காதில் ஊதின சங்குதான்.

வசதியாவது மண்ணாங்கட்டியாவது. எங்கள் ஆட்களை எனக்குத் தெரியாதா? புருஷன் போன பெண் எங்கே நிற்க வேண்டும் என்று ஒருவரும் வாய் திறந்து சொல்வதில்லை. அவளாகவே ஒதுங்கிக்கொள்வாள் என்று காத்திருப்பார்கள். கல்யாண வீட்டில் ஆலாத்தி எடுக்கக் கூப்பிடமாட்டார்கள். நல்ல காரியத்துக்கு ஒருவர் வெளிக்கிடும்போது அவள் எதிரே வந்துவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஒரு மாங்காயைக் கொண்டுவந்தால்கூடப் பெட்டியைத் திறந்து பறித்துக் குப்பையில் போடுகிற இந்த நாட்டு விமான நிலையம், இதை மட்டும் ஒருநாளும் மறித்ததில்லை. பத்திரமாக வந்து சேர்ந்து, சிற்றிசன்சிப்பும் எடுத்துக்கொண்டு, எங்களோடு குடியிருக்கிறது.

அந்தப் பழக்கத்தை அக்கா காருக்குள்ளும் கொண்டு வந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். அவள் அப்படிப்பட்ட ஆளே அல்ல. படிக்கிற காலத்தில் வலைப்பந்து அணிக்குத் தலைவியாக இருந்தவள். அவளுக்குப் பின்னால் ஓடி ஓடித்தான் நான் வளர்ந்தேன். நான் சிட்னி வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் ஒரு வார்டைப் பொறுப்பெடுத்து நடத்துகிற தாதி. நோயாளிகள் மட்டுமல்ல, பயிற்சிக்கு வருகிற டொக்டர்மாரும் நான் இரு என்றால் இருப்பார்கள், எழும்பு என்றால் எழும்புவார்கள். சொந்த அக்காவை ஒரு முன் சீற்றில் இருத்த என்னால் முடியவில்லை.

பின்னேரங்களில் அக்கா தொலைக்காட்சியில் மிருகங்களைப் பார்ப்பாள். அதையும் சத்தத்தை முழுவதும் குறைத்துவிட்டுப் பார்ப்பாள். நான் ரிமோற்றை எடுத்துச் சத்தத்தைக் கூட்டுவேன். விளக்கம் சொல்கிறவரின் குரல் கேட்டால்தானே என்ன நடக்கிறது என்று விளங்கும்? நான் தேத்தண்ணீர் போடக் குசினிக்குள் போய் வருவதற்குள் சத்தம் மறுபடியும் போயிருக்கும். அப்படி ஒரு பின்னேரம், மரக்கொப்பில் நாலு கால்களையும் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு சிறுத்தை படுத்திருந்தது. அக்கா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இதை ஒருக்கா நேரை பாக்கோணும்" என்றாள்.

அத்தான் போனபிறகு அவள் தனக்கு வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னது அந்த ஒன்றைத்தான். அவள் மகன் பேர்த்துக்கு வந்து இரு என்றான், வேண்டாம் என்றாள். நான் சிட்னிக்கு வாங்கோ என்றேன், வேண்டாம் என்றாள். சேலை வேண்டாம், சினிமா வேண்டாம், புதுக் கட்டில் வேண்டாம். இப்போது சிறுத்தை வேண்டும் என்கிறாள். விடுவேனா? அவள் தேத்தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் நான் கென்யாவுக்கு எந்த மாதம் போவது நல்லது என்று தேடத் தொடங்கிவிட்டேன்.

மனதுக்குள் எனக்கு இரண்டு கணக்கு. சிறுத்தையைக் காட்டுவது ஒன்று. அக்காவை முன் சீற்றில் இருத்துவது மற்றது. பயண ஒழுங்கு செய்கிறவர்களுக்கு எழுதி, சாரதிக்குப் பக்கத்துச் சீற் என் அக்காவுக்குத்தான் என்று சொல்லி வைத்தேன். ஒருமுறை எல்லாருக்கும் முன்னால் இருந்து, பெரிய கண்ணாடி வழியாக ஒரு காட்டையே பார்த்துப் பழகிவிட்டால், பிறகு மெல்பேர்ணில் சந்தைக்குப் போகும்போதும் முன்னுக்கு வந்துதானே ஆகவேண்டும்? அப்படித்தான் நினைத்தேன். என் மனுஷன், மிருகம்தான் ரீவியில் வருகிறதே, அதற்கு ஏன் மஞ்சள் காய்ச்சல் ஊசியெல்லாம் என்று கேட்டார். அவரைக் கிரிக்கெட்டோடு வீட்டிலேயே விட்டுவிட்டேன்.

வாகனம் நாலு பேருக்கானது. நாங்கள் இரண்டு பேர். இந்த விஷயத்தை சிட்னியில் ஹரிஸ் பார்க் கடையொன்றில் மிக்ஸர் வாங்க வரிசையில் நின்றபோது என் திருவாய் சொல்லிவிட்டது. எனக்குப் பின்னால் நின்றது எங்கள் அடுத்த தெரு அன்ரி. ஒல்லியான, கையில் எப்போதும் திருநீற்றுப் பை வைத்திருக்கிற மனுஷி. "அப்ப நாங்களும் வாறம் பிள்ளை. அங்கிளும் எங்கையாவது போகோணும் எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறார்" என்றார். அங்கிளுக்கு நெஞ்சில் ஓப்பிரேஷன் நடந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? நுணலும் தன் வாயால் கெடும்.

பயணத்துக்கு முன் அக்காவை நான் தயார் செய்தேன். தொப்பி, வெயில் பூச்சு, மண்ணிறச் சட்டை எல்லாம் வாங்கி அனுப்பினேன். மெல்பேர்ணுக்குப் போனபோது தூரதரிசினி ஒன்று வாங்கிக் கொடுத்து, வீட்டு வளவில் நின்று பக்கத்து வீட்டுப் பூனையைப் பார்க்கப் பழக்கினேன். அவள் பூனையை விட்டுவிட்டு வேலியில் ஓடின எறும்பை வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த ஆத்திரம்.

மசாய் மாராவில் எங்களைக் கூடாரங்களில் தங்கவைத்தார்கள். கூடாரம் என்றாலும் உள்ளே கட்டிலும் கதிரையும் சுடுதண்ணீரும் இருந்தன. முதல் நாள் விடியப்புறம், இருள் கலையாத நேரம், வெளியே வாகனம் வந்து நின்றது. அன்ரி இரவே சாப்பாட்டு மண்டபத்தில் நாலு தேசிக்காய் கேட்டு வாங்கி வைத்திருக்கிறார். புது வாகனம், தூரப் பயணம், ரயருக்குக் கீழே தேசிக்காய் வைக்காமல் ஏறுவதா? அங்கிளைக் குனியவிடாமல் தானே குனிந்து நாலு ரயருக்கும் வைத்தார். சாரதி, முப்பது வயது மதிக்கத்தக்க உயரமான மனிதர், இறங்கி வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் ஏறி, மிகக் கவனமாக நாலையும் நசித்தார். அதுவரைக்கும் எனக்குச் சிரிப்புத்தான்.

தேசிக்காய் வைத்தபின் அன்ரி கைகழுவக் கூடாரத்துக்குப் போனார். அந்த நேரம் அக்கா வந்து வாகனத்தின் பக்கத்தில் நின்றாள். தொப்பி போட்டு, தூரதரிசினியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, என் கண்ணுக்குப் பள்ளிக்கூடக் காலத்து அக்கா மாதிரி இருந்தாள். கூடாரத்தின் துணிக்கதவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்த அன்ரிக்கு முன்னே நின்றது அவள்தான். அன்ரியின் கால் நின்றது. திரும்பி உள்ளே போனார். துணி விலகின இடைவெளியால் எனக்கு எல்லாம் தெரிந்தது. கதிரையில் இருந்தார். போத்தலைத் திறந்து ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். பிறகு புதிதாக வெளிக்கிடுகிறவர் போல வந்தார்.

அக்காவும் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "அன்ரி, நீங்கள் முன்னுக்கு ஏறுங்கோ. நான் பின்னுக்கு இருக்கிறன்" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் கடைசிச் சீற்றுக்குப் போய் இருந்துவிட்டாள். நான் எழுதி எழுதிக் கேட்டு வாங்கின முன் சீற்றில் அன்ரி ஏறி, திருநீற்றுப் பையை மடியில் வைத்து, பெல்ற்றைப் போட்டுக்கொண்டார்.

அன்று முதல் அதுவே வழக்கமாகிவிட்டது. நாங்கள் மூன்று பேரும் ஏறும்வரை அக்கா கூடாரத்தைவிட்டு வெளியே வரமாட்டாள். எல்லாரும் இருந்தபின் வாகனத்தின் பின்பக்கமாகச் சுற்றி வந்து ஏறுவாள். எனக்கு வயிறு எரிந்தது. விருந்தாளி மாதிரி அழைத்து வந்தவளைக் பள்ளிக்கூடத்துக் கடைசி வாங்கில் இருக்கிற மாணவியாக இருத்திவிட்டேனே என்று அழுகையும் வந்தது. அதை யாரிடம் காட்டுவது? அக்காவிடமே காட்டினேன். நடுச் சீற்றில் இருந்துகொண்டு திரும்பித் திரும்பி அவளைப் பிடித்துக்கொண்டேன். அக்கா, இடப்பக்கம் பாருங்கோ. அக்கா, தொப்பியைப் போடுங்கோ. அக்கா, அது வெறும் மான், அதை விட்டிட்டு அங்கை வரிக்குதிரையைப் பாருங்கோ. தூரதரிசினியை ஏன் மடியிலை வைச்சிருக்கிறியள்? பின்னால் இருக்கிறதால் அவள் ஒன்றையும் தவறவிட்டுவிடக்கூடாதே என்பதுதான் எனக்கு.

முன் சீற்றில் என்ன நடந்தது என்று கேளுங்கள். எஞ்சின் உறுமத் தொடங்கியதும் அன்ரி நித்திரையாகிவிடுவார். அப்படி ஒரு நித்திரையை நான் மயக்க மருந்து கொடுத்த நோயாளிகளிடம்தான் பார்த்திருக்கிறேன். தலை கண்ணாடியில் டக்டக்கென்று இடிபடும். ஒட்டகச்சிவிங்கி ஒன்று குட்டியோடு பாதையைக் கடந்தது. அந்தக் கால்கள் அன்ரியின் மூக்குக்கு முன்னால் போயின. அன்ரி கொட்டாவி விட்டு மறுபக்கம் தலையைச் சாய்த்தார்.

அங்கிள் நித்திரை கொள்ளமாட்டார். கொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் ஓய்வுபெற்ற எஞ்சினியர். சிட்னியில் எந்தத் தெருவில் எந்த வீடு எப்போது விற்றுப்போனது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். யானைக் கூட்டம் ஒன்று சேற்றில் புரண்டுகொண்டிருந்தபோது, ஸ்கோபீல்ட்ஸில் காணி வாங்காமல் விட்டவர்களின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். இடையிடையே மிருகங்களுக்கும் மதிப்புப் போட்டார். காண்டாமிருகத்தைக் கண்டதும் "இது டப்போ மிருகக்காட்சிச்சாலையிலை பாத்ததுதானே" என்றார். காட்டெருமையைக் கண்டதும் "ஊரிலை, யாலக் காட்டிலை இதைவிடப் பெரிசு" என்றார். ஆபிரிக்கா முழுவதும் அவரிடம் பாஸ் பண்ணாமல் நின்றது.

சாரதி மட்டும் எங்களோடு ஒத்துப்போனார். இரண்டாம் நாள் அவரே வந்து தேசிக்காய் இல்லையா என்று அன்ரியைக் கேட்டார். முதல் நாள் நிறைய மிருகங்களைக் கண்டோமாம். அன்ரிக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கு அந்தத் தேசிக்காய் எல்லாவற்றையும் எடுத்து எறிய வேண்டும் போல இருந்தது. சிறுத்தை மட்டும் வரவில்லை. ஒவ்வொரு மரத்தடியிலும் நிறுத்தச் சொன்னேன். ஒவ்வொரு கொப்பாகப் பார்த்தேன். பின்னால் திரும்பி, கவலைப்படாதையுங்கோ அக்கா, கட்டாயம் காட்டுறன் என்றேன். "பரவாயில்லை" என்றாள். அந்தப் பரவாயில்லை என்ற சொல்லை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

மூன்றாம் நாள் காலை, கூடாரத்திலிருந்து வெளிக்கிட்டுக் கொஞ்சத் தூரம் போயிருப்போம், ரயர் வெடித்தது. கூரான ஒரு கல். சாரதி இறங்கி, சுற்றிலும் ஒருதரம் பார்த்துவிட்டு, எங்களையும் இறங்கச் சொன்னார். நாங்கள் ஒரு முள்மரத்தின் நிழலில் நின்றோம். அக்கா கொஞ்சம் தள்ளி நின்று புல்லில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். அன்ரி வாட்டமான முகத்தோடு ரயரைப் பார்த்தார். பிறகு யாருக்கும் என்று இல்லாமல், "வெளிக்கிடேக்கை இண்டைக்கு ஆர் முன்னுக்கு நிண்டது?" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "நான்தான் நிண்டனான்" என்றேன். "என்ரை மனுசன் சிட்னியிலை குத்துக்கல்லு மாதிரி இருக்கிறார். இப்ப சொல்லுங்கோ, என்ன சகுனம்?"

அங்கிள், விடுங்கோ பிள்ளை என்றார். விட்டேனா? முதல் நாள் அன்ரி திரும்பிப்போய்த் தண்ணீர் குடித்ததை நான் பார்த்தேன் என்றேன். நாலு தேசிக்காயும் எங்கே போயின என்று கேட்டேன். என் அக்காவின் முன் சீற்றைப் பறித்து வைத்துக்கொண்டு அதில் குறட்டை விடுகிறீர்கள் என்றேன். அதைச் சொல்லியிருக்கத் தேவையில்லை, ஆனால் சொன்னேன், அந்த நேரம் நிம்மதியாகவும் இருந்தது. அன்ரி கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மறுபக்கம் திரும்பினார். அக்கா என்னிடம் வந்து, "காணும், விடு. ஏறு" என்று மட்டும் சொன்னாள். எனக்காக ஒரு சொல் பேசவில்லை. அவளுக்காகத்தானே சண்டை பிடிக்கிறேன் என்ற நன்றிகூட இல்லை.

ரயரை மாற்றி ஏறினோம். ஒருவரும் ஒருவரோடும் கதைக்கவில்லை. அன்ரி நித்திரை கொள்ளவில்லை. அங்கிள் காணி விற்கவில்லை. நான் கையைக் கட்டிக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தேன், ஒரு தடவையும் பின்னால் திரும்பவில்லை. மேட்டில் சிங்கங்கள் படுத்திருந்தன. ஒரு பெண் சிங்கம் எழும்பி எங்கள் வாகனத்தின் முன்புறம்வரை வந்து, முகர்ந்து பார்த்து, அங்கேயே நிழலில் சாய்ந்தது. நாங்கள் மூன்று பேரும் சாரதியும் மூச்சு விடாமல் அதையே பார்த்தோம். கோபத்தை மறந்து அங்கிள் என்னிடம் தன் கமராவைத் தந்து படம் எடுக்கச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன்.

சிறுத்தையைக் காணாமலே திரும்பினோம். நைரோபி விமான நிலையத்தில் அக்கா ஒரு கதிரையில் இருந்து நிம்மதியாக வாழைப்பழம் சாப்பிட்டாள். நான் மலசலகூடத்துக்குள் போய் அழுதேன். கேட்ட ஒரே ஒரு பொருளையும் கொடுக்க முடியவில்லை. முன்னுக்கு வந்திருக்க வேண்டியவள் இன்னும் பின்னுக்குப் போய்விட்டாள். எல்லாம் என் ஒழுங்கு.

சிட்னிக்கு வந்தபின் அன்ரி தெருவில் கண்டால் சிரிப்பார். நானும் பல்லைக் காட்டுவேன். படங்களைப் பார்க்க வரச் சொல்லி அங்கிள் கேட்டார். எனக்கு இரவு வேலை என்றேன்.

சில வாரங்களுக்குப் பிறகு மெல்பேர்ணுக்குப் போனேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் மலையடிவாரத்திலுள்ள த பேசின் பிள்ளையார் கோயிலுக்குப் போவோம் என்றாள் அக்கா. நான் காரை எடுத்து வாசலில் நிறுத்தினேன். கதவைப் பூட்டினாள். இழுத்துப் பார்த்தாள். மறுபடியும் இழுத்துப் பார்த்தாள். வந்து முன் சீற்றில் அர்ச்சனைத் தட்டை வைத்துவிட்டு, பின் கதவைத் திறந்தாள்.

நான் எஞ்சினை நிறுத்தினேன். அவள் முன்னுக்கு வராவிட்டால் கார் நகராது என்றேன். அவள் ஏறி, பெல்ற்றைப் போட்டுக்கொண்டு, ஆறுதலாக இருந்தாள். எனக்கு அடக்கமுடியவில்லை. அத்தான் போனால் அவளும் பாதி போய்விட வேண்டுமா என்று கேட்டேன். ஊரிலுள்ள பைத்தியங்கள் சகுனம் பார்த்தால் அவள் ஏன் பயந்து ஒதுங்க வேண்டும் என்று கேட்டேன். ஆபிரிக்கா வரைக்கும் கூட்டிக்கொண்டு போயும் அவளைக் கடைசிச் சீற்றில் இருத்தித்தான் கூட்டிக்கொண்டு வந்தேன் என்றேன்.

"சகுனத்துக்காகப் பின்னுக்கு இருக்கிறன் எண்டு நினைச்சியோ?" என்றாள் அக்கா. உண்மையாகவே ஆச்சரியப்பட்ட குரல். "முப்பது வருசத்துக்கு மேலை முன் சீற்றிலை இருந்தனான். அத்தானுக்கு றோட்டிலை லேன் மாறுறதெண்டால் பயம். இடப்பக்கம் கார் வருதோ எண்டு பாக்கிறது நான். சிக்னல் பச்சையாப் போச்செண்டு சொல்லுறது நான். நல்ல மனுசன். ஆனா நான் பாக்காட்டி அவர் கார் ஓடமாட்டார். ஒருக்கா கடலோரமாப் போற கிரேட் ஓஷன் றோட்டாலை போயிட்டு வந்தம். கடல் எப்பிடி எண்டு எல்லாரும் கேட்டினம். நான் கடலைக் காணேல்லை. றோட்டைத்தான் பாத்தனான்."

நான் திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் சன்னலுக்கு வெளியே, பக்கத்து வீட்டுப் பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்ரி செய்தது அவமானம்தானே என்று கேட்டேன், விடாமல். ஓம் என்றாள். முதல் நாள் நெஞ்சில் சுருக்கென்றுதான் இருந்ததாம். ஆனால் அங்கிளின் நெஞ்சைத் திறந்து தைத்திருக்கிறார்கள், அந்த மனுஷி ஒவ்வொரு காலையும் அவரை உயிரோடு திருப்பிக் கொண்டுபோக வேண்டுமே என்ற பயத்தில்தான் எழும்புகிறாள், அந்தப் பயத்தோடு போய் என்ன சண்டை பிடிக்கிறது என்றாள். "பிறகு யோசிச்சன். எனக்கு முழுச் சீற்றும் கிடைச்சது. ரண்டு பக்கச் சன்னலும், பின் கண்ணாடியும். நீதான் இடைக்கிடை திரும்பித் திரும்பிக் கரைச்சல் தந்தனி."

நான் சாவியைத் திருப்பிக் காரை எடுத்தேன். இரண்டு தெரு தாண்டியிருப்போம்.

"சிறுத்தையைக் கண்டனான்" என்றாள்.

பிரேக்கை அழுத்திவிட்டேன். பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தான். தெருவோரமாக நிறுத்தி, எப்போது, எங்கே என்று கேட்டேன். நாங்கள் நாலு பேரும் சிங்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதாம். அது வாகனத்துக்குப் பின்னால், நாங்கள் வந்த பாதையைக் கடந்ததாம். மரத்தில் அல்ல, நிலத்தில். ஒரு அவசரமும் இல்லாமல். நடுப்பாதையில் நின்று அவளைப் பார்த்ததாம்.

"ஏன் சொல்லேல்லை?" என்று கத்தினேன். ஊரே தேடின சிறுத்தை. நான் கொப்புக் கொப்பாகப் பார்த்த சிறுத்தை. நைரோபியில் மலசலகூடத்துக்குள் நான் அழுதது அதற்காக.

"சொன்னால் எல்லாரும் திரும்பியிருப்பியள். நீ தூரதரிசினியை எடு எண்டிருப்பாய்" என்றாள். "அண்டைக்குத்தான் ஒருத்தரும் கதைக்கேல்லை. அது என்னைப் பாத்தது. நான் அதைப் பாத்தன். பிறகு அது போயிட்டுது."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவளைக் காரைவிட்டு இறக்கி நடக்கவிடலாமா என்றுகூட நினைத்தேன். அதோடு அந்தச் சிறுத்தையை நினைத்துப் பொறாமையும் வந்தது. என் அக்கா அப்படி என்னைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் அவள் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தபோது, அங்கே ஒதுக்கப்பட்ட ஒருத்தியைக் காணவில்லை. பிறகு நான் என்ன சொல்ல இருக்கிறது? காரை எடுத்தேன்.

கோயிலில் அர்ச்சனை செய்தோம். அக்கா தன் பெயரையும் மகன் பெயரையும் சொல்லிவிட்டு, அங்கிள் அன்ரி பெயர்களையும் சொன்னாள். நான் முறைத்துப் பார்த்தேன். அவள் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது பொழுதுபட்டுக்கொண்டிருந்தது. மலையடிவாரத்துத் தெரு வளைந்து வளைந்து போகும். இரண்டு பக்கமும் உயர்ந்த மரங்கள், அடியில் பன்னச் செடிகள். நான் வாயைத் திறக்கவில்லை. பெல்ற் போட்டனீங்களோ என்று கேட்கவில்லை. அந்தப் பெரிய பன்னத்தைப் பாருங்கோ என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கினேன். அது எவ்வளவு கஷ்டமான வேலை என்று செய்து பார்த்தால்தான் தெரியும். ஒரு வளைவில் எதிரே ஒரு பாரவண்டி வந்தது. நான் வேகத்தைக் குறைத்து இடப்பக்கமாக ஒதுக்கினேன்.

"அங்கை பார்" என்றாள் அக்கா, பின்னாலிருந்து, மிக மெதுவாக. அவள் என்னை எதையாவது பார்க்கச் சொன்னது அதுதான் முதல் தடவை.

பாரவண்டி கடந்து போனது. வளைவும் முடிந்தது. நான் கண்ணாடியில் பார்த்தேன். அவள் முகம் இன்னும் சன்னல் பக்கமே திரும்பியிருந்தது.

"கண்டனியோ?"

"இல்லை அக்கா" என்றேன். "நான் றோட்டைப் பாத்தனான்."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பெல்ற்றைத் தளர்த்தி முன்னால் குனிந்து, என் தோளில் கையை வைத்தாள். வீடு வரும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை.